என் மகளின் படைக்கு யார் தலைவர்?

போன வருடம் கோடையில் என் மகள் அமெரிக்காவின் நேஷனல் கார்டில், அதாவது மாநிலங்களின் படையில், சேர்ந்தாள். பத்தொன்பது வயது. உறுதிமொழி எடுக்கும் நாளில் நானும் அவள் அம்மாவும் போயிருந்தோம். சின்ன அறை, பின்னால் கொடிகள். அதிகாரி சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வலது கையை உயர்த்தித் திருப்பிச் சொன்னார்கள். அமெரிக்க அரசியலமைப்பைக் காப்பேன் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. மாநில அரசியலமைப்பையும் காப்பேன், அதிபரின் உத்தரவுக்கும் மாநில ஆளுநரின் உத்தரவுக்கும் கீழ்ப்படிவேன் என்றார்கள். நேரடியாக ராணுவத்தில் சேர்கிறவர்களின் உறுதிமொழியில் மாநிலமும் வராது, ஆளுநரும் வரமாட்டார். கார்டில் சேர்கிறவர்களுக்கு மட்டும்தான் இரண்டு எசமானர்கள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "ரெண்டு பேரும் வேற வேற உத்தரவு போட்டா என்னம்மா பண்ணுவே?"

"அதெல்லாம் டேக் பாத்துக்குவார்ப்பா" என்றாள்.

டேக் என்பது கார்டில் இருப்பவர்கள் அட்ஜுடன்ட் ஜெனரலைச் சொல்லும் சுருக்கப் பெயர். மாநிலப் படையின் தலைமை அதிகாரி அவர். அன்றிலிருந்து இந்த ஒரு பதவியைப் பற்றி மாநிலங்களின் சட்டங்களையும் பழைய செய்திகளையும் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். அவள் பணியில் இருக்கிறாள்.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். இந்தியாவில் ராணுவம் முழுக்க மத்திய அரசுடையது, மாநிலத்தின் கையில் போலீஸ்தான் உண்டு. இங்கே மாநிலங்களுக்கென்று படையே இருக்கிறது. மாதம் ஒரு வார இறுதி, வருடத்துக்கு இரண்டு வாரம் பயிற்சி. மற்ற நாட்களில் படிப்பு, வேலை, குடும்பம். தரைப்படை, விமானப்படை இரண்டு பிரிவுகளிலும் சேர்த்துச் சுமார் 4.3 லட்சம் பேர். வெள்ளம், காட்டுத்தீ, கலவரம் என்றால் ஆளுநர் கூப்பிடுவார். போர் என்றால் அதிபர் கூப்பிடுவார். அப்புறம், இங்கே ஆளுநர் என்றால் டெல்லி அனுப்பி வைப்பவரைப் போல நினைத்துவிடாதீர்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். செய்யும் வேலையைப் பார்த்தால் நம் முதலமைச்சர்தான்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1787-இல் எழுதிய அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இன்றைய கார்டின் முன்னோடியான குடிப்படைக்கு (மிலிஷியா) ஆயுதமும் ஒழுங்கு விதிகளும் தருவது காங்கிரஸின், அதாவது இங்குள்ள நாடாளுமன்றத்தின், வேலை. அதிகாரிகளை நியமிப்பது மாநிலங்களின் உரிமை. 1792-இல் வந்த சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அட்ஜுடன்ட் ஜெனரல் இருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு படை அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. சம்பளத்தில் பெரும்பகுதி, துப்பாக்கி, டாங்க், போர் விமானம் எல்லாம் இன்று மத்திய அரசின் பணம். மாநிலம் ஒருவருக்கு ஜெனரல் நட்சத்திரம் குத்தலாம். ஆனால் மத்திய அரசு ஏற்பளித்தால்தான் அந்த நட்சத்திரத்துக்கு மாநில எல்லைக்கு வெளியே மதிப்பு. இவ்வளவுக்குப் பிறகும் தலைமை நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பது மட்டும் மாநிலச் சட்டத்திடமே இருக்கிறது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் உரிமையைக் கையில் வைத்திருக்கும் மாநிலங்கள் அந்தச் சட்டத்தைக் கவனமாக எழுதவில்லை. என் வருத்தம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வெர்மான்ட். ஆறரை லட்சம் மக்கள்கூட நிறைந்திருக்காத மாநிலம். ஆனால் நாட்டிலேயே எஃப்-35 போர் விமானங்களை முதலில் பெற்ற விமான கார்டு பிரிவு அங்கேதான், பர்லிங்டனில், 2019-இல். அந்தப் படைக்குத் தலைவரை ஆளுநர் நியமிப்பதில்லை. சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும், 150 பேரும் 30 பேருமாக ஒன்றாகக் கூடி, ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் சிலரையும் இதே முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்பாளர்கள் சட்டமன்றத் தாழ்வாரத்தில் நின்று ஒவ்வோர் உறுப்பினரிடமும் ஆதரவு கேட்கிறார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சரியாகப் படவில்லை. சிப்பாய்க்கும் ஓட்டு வேட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. ஆனால் 1997-இல் நடந்ததைப் பாருங்கள். பதவியில் இருந்தவரையே எதிர்த்து நின்று மார்த்தா ரெயின்வில் வெற்றி பெற்றார். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் அட்ஜுடன்ட் ஜெனரலான முதல் பெண் அவர். ஆளுநர் ஒருவரின் தனிப்பட்ட தேர்வுக்காகக் காத்திருந்தால் அது அந்த வருடம் நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். என் மகள் சீருடை போட்ட பிறகு இந்தச் செய்தியை அவளுக்கு நான்தான் சொன்னேன். அதே ரெயின்வில் 2006-இல் பதவியை விட்டு விலகி, குடியரசுக் கட்சி வேட்பாளராக நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். அது அவருடைய உரிமை. ஆனால் படைத் தலைமைக்கும் கட்சி அரசியலுக்கும் நடுவில் எவ்வளவு மெல்லிய சுவர் என்பதையும் அது காட்டிவிட்டது.

2018 இறுதியில் வெர்மான்ட் விமான கார்டுக்குள் நடந்த குடி, பெண்களை நடத்திய விதம் இவற்றைப் பற்றி அங்குள்ள செய்தித் தளம் ஒன்று தொடராக எழுதியது. அடுத்த பிப்ரவரியில் தேர்தல். அந்தத் தேர்தலில் எஃப்-35 வருவதை எதிர்த்த ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரும் போட்டியிட்டார். கிரெகரி நைட் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக, படைக்குள் நடந்த தவறுகளைப் பற்றிப் படித்துவிட்டு, அடுத்த தலைவர் யார் என்று 180 பேர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் போதாது. வந்து உட்கார்ந்து யார் யார் என்று தெரிந்துகொள்வதற்குள் மறுபடி ஓட்டுக் கேட்கக் கிளம்ப வேண்டும்.

தெற்குக் கரோலினா இதற்கும் ஒரு படி மேலே போயிருந்தது. அங்கே பொதுமக்களே ஓட்டுப் போட்டார்கள், கட்சி வேட்பாளர்களுக்கு. நாட்டில் கடைசியாக அப்படி இருந்த மாநிலம் அதுதான். தன் தளபதி தேர்தலில் நிற்கும்போது கீழே இருக்கும் ஒரு கேப்டன் என்ன செய்வார்? எதிராளியின் கூட்டத்துக்குப் போக முடியுமா? நன்கொடை கேட்டு வந்தால் மறுக்க முடியுமா? 2014-இல் வாக்காளர்களே அரசியலமைப்பைத் திருத்தி, ஆளுநர் நியமிக்கட்டும், மாநில மேலவையான செனட் ஒப்புதல் தரட்டும், தகுதியையும் பதவிக்காலத்தையும் சட்டமன்றம் எழுதட்டும் என்று மாற்றிவிட்டார்கள். அப்போது தேர்தலில் வென்று பதவியில் இருந்த ராபர்ட் லிவிங்ஸ்டனே அந்த மாற்றத்தை ஆதரித்தார். அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2019-இல் புதிய முறைப்படி முதல் நியமனம் நடந்தது.

மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் ஆளுநர்தான் நியமிக்கிறார். இவ்வளவு காலம் இந்த மாநில கார்டில் பணி செய்திருக்க வேண்டும், இன்ன தரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்று சில சட்டங்கள் கேட்கும். செனட் ஒப்புதல் சில இடங்களில் உண்டு. பதவிக்காலம் சில இடங்களில் எழுதியிருக்கும், சில இடங்களில் ஆளுநர் விரும்பும்வரைதான்.

"ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்தானே, அவருக்கு நம்பிக்கையானவரை வைத்துக்கொள்ளட்டும்" என்று என் அலுவலக நண்பர் ஒருவர் வாதாடினார். அவருக்கு ஓக்லஹோமாவை நினைவுபடுத்தினேன். 2021 நவம்பர். ராணுவத்தினர் எல்லோரும் கொரோனா தடுப்பூசி போட வேண்டும் என்று பென்டகன் உத்தரவிட்டிருந்தது. ஓக்லஹோமாவின் தலைமை அதிகாரி மைக்கேல் தாம்ப்சன் தடுப்பூசியை வெளிப்படையாக ஆதரித்தவர். ஆளுநர் கெவின் ஸ்டிட் அவரை மாற்றிவிட்டு தாமஸ் மன்சினோவை நியமித்தார். வந்த கையோடு மன்சினோ, எங்கள் கார்டில் யாரும் தடுப்பூசி போட வேண்டிய கட்டாயம் இல்லை என்று உத்தரவு போட்டார். அதே சமயம், மத்திய அரசு தங்களைப் பணிக்கு அழைத்துக்கொண்டால் அதன் உத்தரவுக்குத் தான் கட்டுப்பட வேண்டும் என்பதையும் ஒத்துக்கொண்டார். பென்டகன் அசையவில்லை. போடாதவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்றது. மாநிலம் வழக்குப் போட்டது, டிசம்பரில் நீதிபதி தடை தர மறுத்துவிட்டார்.

தடுப்பூசி சரியா தப்பா என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி அந்த மாதம் டிரில்லுக்கு, அதாவது மாதப் பயிற்சிக்கு, போகிறாள் என்று வையுங்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் ஒன்று சொல்கிறார், அவருக்கும் மேலே இருப்பவர்கள் வேறொன்று சொல்கிறார்கள், நடுவில் சம்பளம் போவது அவளுக்கு. ஒரே நாளில் ஆளை மாற்ற முடியும் என்கிற சட்டம் அந்தச் சண்டையை அவள் தலையில் இறக்கி வைக்கிறது.

சரி, அப்படியானால் நிலையான பதவிக்காலம் கொடுத்துவிட்டால் போதுமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விஸ்கான்சினைப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

அங்கே அட்ஜுடன்ட் ஜெனரலுக்கு ஐந்து வருடப் பதவிக்காலம். ஆளுநர் மாறினாலும் அவர் இருப்பார். டொனால்ட் டன்பர் 2007-இல் வந்தவர். ஜிம் டாய்ல், ஸ்காட் வாக்கர், டோனி எவர்ஸ் என்று மூன்று ஆளுநர்களைப் பார்த்துவிட்டார். கட்சிக்குக் கட்டுப்படாத நிலைத்தன்மை வேண்டும் என்று நான் கேட்டேனே, அது அப்படியே அங்கே இருந்தது. ஆனால் பாலியல் வன்முறைப் புகார்களை அவருடைய கார்டு எப்படிக் கையாண்டது? மத்திய விதிப்படி வெளி விசாரணையாளர்களிடம் அனுப்ப வேண்டியவற்றைத் தங்கள் ஆட்களை வைத்தே விசாரித்தது. செனட்டர் டாமி பால்ட்வினும் ஆளுநர் எவர்ஸும் கேட்டுக்கொண்ட பிறகு, கார்டுகளுக்கான மத்திய அலுவலகமான நேஷனல் கார்டு பீரோவின் குழு வந்து பார்த்தது. 2019 டிசம்பரில் அறிக்கை வெளியானது. விசாரணைகள் விதிக்கு மாறாகவும் குறையுள்ளவையாகவும் நடந்திருக்கின்றன என்றது. எவர்ஸ் ராஜினாமா கேட்டார். அந்த மாதக் கடைசியில் டன்பர் விலகினார். பன்னிரண்டு வருடம்!

அலாஸ்காவிலும் இதே போன்ற கதைதான். கார்டின் மதகுருமார்களே 2010-இல் ஆளுநர் ஷான் பார்னெலின் அலுவலகத்தை எச்சரித்தார்கள். நேஷனல் கார்டு பீரோவின் அறிக்கை வந்து, தலைமை அதிகாரி தாமஸ் கட்கஸ் பதவி விலகியது 2014 செப்டம்பரில். அந்த நவம்பரில் பார்னெல் தேர்தலில் தோற்றார். புகார் சொன்ன பெண்களுக்கு அந்த நான்கு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

பெண் பிள்ளையைப் பெற்றவன் என்பதால் இந்த இரண்டு மாநிலக் கதைகளையும் படித்து முடிக்க எனக்குப் பல நாள் ஆனது.

இன்னொரு விஷயமும் உண்டு. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்புவதற்காக அதிபர் டிரம்ப் கலிஃபோர்னியா கார்டைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். உத்தரவு ஆளுநர்கள் வழியாகப் போக வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்கிறது. ஆனால் அது போனது அட்ஜுடன்ட் ஜெனரலுக்கு. ஆளுநர் கேவின் நியூசம் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிபதி சார்லஸ் பிரேயர் ஜூன் 12-இல் நியூசம் பக்கம் தீர்ப்பளித்தார். ஒரு வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அதற்கு அது காட்டிய காரணங்களில் ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. கலிஃபோர்னியாவின் சட்டப்படியே அட்ஜுடன்ட் ஜெனரல் ஆளுநரின் பெயரால் உத்தரவு பிறப்பிப்பவர், அதனால் அவரிடம் போனாலே போதுமானதாக இருக்கலாம் என்றது. மாநிலச் சட்டப் புத்தகத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்த ஒரு வரி அது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்டுத் தெருவில் நிற்க வேண்டும் என்ற வழக்கில் அதை எடுத்துப் பேசினார்கள். "அதெல்லாம் டேக் பாத்துக்குவார்" என்று என் மகள் சொன்னாளே, அவர் அதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவருக்கு எழுதித் தரவில்லை.

அதனால் எங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். தலைமை அதிகாரியை ஆளுநரே முன்மொழியட்டும், ஆனால் சட்டமன்றக் குழு முன்னால் அவர் வெளிப்படையாக உட்கார்ந்து பதில் சொன்ன பிறகே பதவி ஏற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதவிக்காலம் நான்கு அல்லது ஐந்து வருடம், ஆளுநரின் தேர்தலோடு சேர்ந்து முடியக் கூடாது, ஒருமுறைக்கு மேல் நீட்டிக்கக் கூடாது. நடுவில் நீக்கினால் ஆளுநர் காரணத்தை எழுதிச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். இதையெல்லாம்விட எனக்கு முக்கியம், பாலியல் புகார் எதுவும் அந்தப் படைத் தலைவரின் மேஜையில் முடியக் கூடாது என்பது. வெளியாள் விசாரிக்க வேண்டும், எத்தனை வந்தது எத்தனை முடிந்தது என்று வருடாவருடம் பொதுவில் சொல்ல வேண்டும், மீறினால் அதுவே பதவி நீக்கத்துக்குப் போதிய காரணம் என்று மாநிலச் சட்டத்திலேயே இருக்க வேண்டும். மத்திய விதி ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். விஸ்கான்சினிலும் இருந்தது.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒரு கூட்டத்தொடரில் முடிக்கக்கூடிய வேலை. இதைப் படிக்கும் நண்பர்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள், உங்கள் மாநிலத்தில் இந்தப் பதவிக்கு என்ன சட்டம் என்று ஒருமுறை பாருங்கள். உங்கள் பிள்ளை கார்டில் இல்லாவிட்டாலும், அடுத்த வெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குப் படகோடு வரப் போவது அவர்கள்தான்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் மகளிடம் காட்டினேன். டிரில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பூட்ஸ் நாடாவைக் கட்டியபடியே முழுவதும் படித்தாள். கார்டு என்பதற்கு ஒரு இடத்தில் எழுத்துப்பிழை இருந்ததைத் திருத்தினாள். "நல்லா இருக்குப்பா, அனுப்புங்க" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "என் பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றாள்.

எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன்.