டங்ஸ்டன் மோதிரம் உடையும்

‘டங்ஸ்டன் மோதிரத்தைச் சுத்தியலால் அடித்தாலும் ஒன்றும் ஆகாது, அது உடையாத உலோகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது பாதிதான் சரி.

மோதிரம் செய்வது சுத்த டங்ஸ்டனில் அல்ல. அதோடு கரி சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடில். துளைக்கும் கருவிகளின் முனையில் வைப்பதும் இதைத்தான். எளிதில் கீறல் விழாது, உண்மை. ஆனால் பீங்கான் மாதிரி, வளையாமல் பட்டென்று உடையும். கல் தரையில் விழுந்தால்கூட விரிசல் விடலாம். விரல் வீங்கி மோதிரம் மாட்டிக்கொண்டால் அதைத் தங்கம் போல அறுப்பது கடினம். குறட்டில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்கள், ‘டக்’கென்று துண்டாகிவிடும்.

சுத்த டங்ஸ்டனின் பெருமை வேறு: உலோகங்களிலேயே அதிக உருகுநிலை, சுமார் 3,422 டிகிரி செல்சியஸ். பழைய குண்டு பல்புக்குள் வெள்ளையாய்த் தகித்த அந்தச் சுருள் கம்பி இதுதான். அடர்த்தியோ ஏறக்குறைய தங்கத்துக்குச் சமம்.

அப்புறம், டங்ஸ்டனுக்கு வேதியியலில் போடும் W என்ற குறியீடு அச்சுப்பிழை இல்லை. உல்ஃப்ரம் என்ற அதன் இன்னொரு பெயரிலிருந்து வந்தது. டங்ஸ்டன் என்றால் சுவீடிஷ் மொழியில் ‘கனமான கல்’. கையில் எடுத்துப் பார்த்தவர்தான் பெயர் வைத்திருக்க வேண்டும்!