ஒரு பெட்டி தீக்குச்சி

(திருவான்மியூர். கடலிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு ஹார்டுவேர் கடை. சனிக்கிழமை சாயங்காலம். அண்ணாச்சி ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிறார். சார் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருகிறார்.)

சார்: அண்ணாச்சி, இதே மாதிரி இன்னும் இரண்டு கொடுங்கள்.

அண்ணாச்சி: (பிரித்துப் பார்த்து) அடேயப்பா, பித்தளைக் கீல்! இது எங்கே கிடைத்தது?

சார்: தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த ஜோடி. எழுபது வருஷம் உழைத்தது. பால்கனிக் கதவுக்கு ஒன்றைப் போட்டுவிட்டேன். இது சாம்பிளுக்கு.

அண்ணாச்சி: நல்ல சரக்கு. கதவு தேக்கா, வேம்பா?

சார்: யுபிவிசி. பிளாஸ்டிக் கதவு.

(அண்ணாச்சி தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.)

அண்ணாச்சி: உட்காருங்கள் சார். தண்ணீர் குடிக்கிறீர்களா?

சார்: எனக்கு ஒன்றும் இல்லை. கதவுக்குத்தான்.

அண்ணாச்சி: தெரிகிறது. முதலில் கதவுக்கு என்ன தொந்தரவு இருந்தது?

சார்: பூட்டுப் பக்கம் கீழ் மூலை உரசியது. பூட்ட வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். காலையில் பரவாயில்லை, மத்தியானம் ஆனால் முரண்டு பிடிக்கும்.

அண்ணாச்சி: கீல்வாதம்.

சார்: அது என் மாமனாருக்கு.

அண்ணாச்சி: அவருக்கு எப்போது அதிகமாகும்?

சார்: மழை நாளில்.

அண்ணாச்சி: அப்படியானால் அவர் மரக் கதவு மாதிரி. மரம் மழைக்கு ஊதும். இது பிளாஸ்டிக், வெயிலுக்கு நீளும். ஏழடிக் கதவு 20 டிகிரி சூடு ஏறினால், கணக்குப்படி 3 மில்லிமீட்டர் வரை நீளலாம். மேற்குப் பார்த்த பால்கனியா?

சார்: எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அண்ணாச்சி: மத்தியானம் என்றீர்களே. கதவு நீளும் என்று தெரிந்துதான் சுற்றிலும் இடைவெளி விட்டு மாட்டுவார்கள். கீல் தளர்ந்து கதவு தொங்கினால் அந்த இடைவெளி ஒரு மூலையில் தீர்ந்துபோகும். அப்புறம் வெயில் ஏறினால் உரசும். சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்?

சார்: தேங்காய் எண்ணெய் விட்டேன்.

அண்ணாச்சி: ம்.

சார்: மூன்றாம் நாள் எறும்பு வந்துவிட்டது.

அண்ணாச்சி: வராமல்? அப்புறம்?

சார்: எறும்பு மருந்து தூவினேன். அது எண்ணெயோடு சேர்ந்து வெள்ளையாக அப்பிக்கொண்டது. அதை எடுக்கலாமே என்று பாத்ரூம் ஆசிட்டை ஒரு சொட்டு...

(அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.)

சார்: ஒரு சொட்டுதான் அண்ணாச்சி! மறுநாள் பார்த்தால் கீல் முழுக்கச் செங்கல் நிறம்.

அண்ணாச்சி: சொட்டுகூட வேண்டாம் சார். ஆசிட் ஆவி பட்டாலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெட்டுப்போகும். பாத்ரூம் கதவில் மட்டும் கீல் சீக்கிரம் துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே? தரைக்கு ஊற்றுவது கதவுக்கும் போகிறது.

சார்: அதனால்தான் கழற்றி எறிந்துவிட்டுத் தாத்தா கீலைப் போட்டேன். உட்கார இடம் வேண்டுமே என்று உளியை வைத்துத் தட்டினேன். இரண்டாவது தட்டில் உளி உள்ளே போய்விட்டது.

அண்ணாச்சி: உளியா!

சார்: கதவு பொள்ளல் அண்ணாச்சி! நாலு வருஷமாகத் தெரியாமல் இருந்திருக்கிறேன். ஏமாற்றிவிட்டார்கள்.

அண்ணாச்சி: யாரும் ஏமாற்றவில்லை. அது அப்படித்தான் இருக்கும். உள்ளே அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் ஓடும். கீலின் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போய் அந்த இரும்பைக் கடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கை மட்டும் கடித்தால், பல் இல்லாத கிழவர் முறுக்கைக் கடித்த கதைதான். இந்த மாதிரிக் கதவின் கீலுக்குக் குழியே வெட்டக் கூடாது, மேலேயே உட்காரும். என்ன ஸ்க்ரூ போட்டீர்கள்?

சார்: மர ஸ்க்ரூ.

அண்ணாச்சி: நின்றதா?

சார்: சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அப்பா சொல்லிக்கொடுத்த வழி ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி: வேண்டாம் சார், சொல்லாதீர்கள்.

சார்: ஓட்டையில் தீக்குச்சியைச் சொருகி...

அண்ணாச்சி: மரத்துக்கு நல்ல வழி. பொள்ளலுக்கு?

சார்: ஒன்று சொருகினேன், காணவில்லை. இன்னொன்று சொருகினேன், அதுவும் போய்விட்டது. சரி, கொஞ்ச நேரத்தில் நிறைந்துவிடும் என்று...

அண்ணாச்சி: எத்தனை போட்டீர்கள்?

சார்: பெட்டி முழுக்க.

அண்ணாச்சி: எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி சார். ஊரே தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த ஊர். இப்படி ஒரு உபயோகத்தை அங்கேகூடக் கேள்விப்பட்டதில்லை. மருந்தோடா போட்டீர்கள்?

சார்: மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் போட்டேன். நான் என்ன மடையனா?

(அண்ணாச்சி ஆணிகளை ஒரு தடவை கிளறினார். பதில் சொல்லவில்லை.)

சார்: இப்போது கதவை அசைத்தால் கலகல என்கிறது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதால் அதன் அம்மா எங்கள் பால்கனிக்குத்தான் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

அண்ணாச்சி: கதவு எப்படி நிற்கிறது?

சார்: கொடிக்கயிற்றில் கட்டியிருக்கிறேன்.

அண்ணாச்சி: கடவுளே! மற்ற கீல்களையாவது விட்டுவைத்தீர்களா?

சார்: கீழே இரண்டும் அப்படியே இருக்கின்றன. மேலே இருந்ததை மட்டும்தான் எடுத்தேன்.

அண்ணாச்சி: எடுக்கக் கூடாத ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். கதவு தன் கனத்தால் மேல் கீலைப் பிடுங்கி இழுக்கும், கீழ்க் கீலை அமுக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் மூன்றில் இரண்டை மேல்பக்கமாகக் கொடுப்பார்கள். கண்ணாடிக் கதவா?

சார்: ஆமாம், இரட்டைக் கண்ணாடி. சத்தம் வராது என்று சொன்னார்கள்.

அண்ணாச்சி: ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லி தடிமனுக்கும் 2.5 கிலோ. 5 மில்லியில் இரண்டு என்றால் 25 கிலோ. அதற்கு மேல் சட்டம், இரும்பு. வேறு ஏதாவது தொங்குகிறதா?

சார்: கைப்பிடியில் பையனின் ஸ்கூல் பை. ஈரத் துண்டு இரண்டு. அப்புறம்... பையன்.

அண்ணாச்சி: பையனா?

சார்: ஏறி ஆடுவான். மூன்றாம் வகுப்பு. 28 கிலோ.

அண்ணாச்சி: கீல் பெட்டியில் இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அதில் உங்கள் பையனைச் சேர்த்திருக்க மாட்டார்கள். (பெட்டி ஒன்றை எடுத்தபடி) கதவு இடமா, வலமா? சில கீல் இரண்டுக்கும் பொருந்தும், சிலது பொருந்தாது.

சார்: இருங்கள். (எழுந்து நின்று இல்லாத கதவைத் திறக்கிறார்.) வீட்டுக்குள் நிற்கிறேன். கைப்பிடி இங்கே. இழுக்கிறேன். இல்லை, தள்ளுகிறேன். பால்கனிக்குப் போகிறேன்...

(பால்கனிக்குப் போனவர் பிளாஸ்டிக் பைப் கட்டின் மேல் மோதினார். மூன்று பைப் தெருவரை உருண்டது. இரண்டு நிமிஷம் கழித்து இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள்.)

அண்ணாச்சி: போட்டோ இருக்கிறதா?

சார்: செல்போனில் இருக்கிறதே. கேட்கவே இல்லையே நீங்கள்.

அண்ணாச்சி: (பெரிதாக்கிப் பார்த்து) சார், இந்தக் கீழ்க் கீலில் சின்னதாக ஒரு மூடி தெரிகிறதே, அதை எப்போதாவது கழற்றினீர்களா?

சார்: அது அழகுக்கு வைத்தது இல்லையா?

அண்ணாச்சி: அதற்குள்ளே ஆறு பட்டைத் துளை இருக்கும். ஆலன் கீ என்ற ஆறு பட்டைச் சாவியை விட்டுத் திருப்பினால் கதவு மேலே ஏறும், இறங்கும். பக்கவாட்டில் நகரும். சட்டத்தோடு நெருங்கும், விலகும். மூன்று திசை. அதற்குத்தான் 3டி கீல் என்று பேர்.

சார்: அப்படியானால் என் கதவை...

அண்ணாச்சி: கால் திருப்பு, அரைத் திருப்பு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. வெயில் தாழ்ந்த பிறகு. அவ்வளவுதான் வேலை.

(நீண்ட மௌனம். தெருவில் ஒரு சுண்டல் வண்டி போயிற்று.)

சார்: ஆலன் கீ என்ன விலை?

அண்ணாச்சி: நீங்கள் அழிய வைத்த தேங்காய் எண்ணெயை விடக் குறைவுதான்.

சார்: சரி, புதுக் கீல் ஒன்று கொடுங்கள். துருப்பிடிக்காததாக.

அண்ணாச்சி: கீழே இருப்பதற்கு ஜோடியாக அதே மாடல் தருகிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் எந்த ரகம் என்று நம்பரைக் கேட்டு வாங்குங்கள். 304 நல்ல சாமான்தான். ஆனால் நம் தெருவில் மோட்டார் சைக்கிளே உப்புக் காற்றில் கரைகிறது. இங்கே 316 இன்னும் தாங்கும், அதில் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பார்கள். ஸ்க்ரூவும் அதே ஜாதியில் வாங்குங்கள். கீல் பளபளவென்று இருக்கும், நாலு ரூபாய் ஸ்க்ரூ துருப்பிடித்து அதன் மேல் வழியும், நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

சார்: அப்புறம் எண்ணெய்?

அண்ணாச்சி: இந்தக் கீலுக்குள் புஷ் என்று ஒரு நைலான் வளையம் இருக்கிறது, எண்ணெயே கேட்காது. ரப்பர் பட்டைக்கு வேண்டுமானால் சிலிகான் ஸ்ப்ரே. மாசம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் துணியை நனைத்து உப்பைத் துடையுங்கள். மாட்டும் வேலை உங்களுக்கு வேண்டாம். பழைய ஓட்டையை விட்டுத் தள்ளி, இரும்பு இருக்கும் இடம் பார்த்துத் துளை போட வேண்டும், கதவைத் தாங்கிப் பிடிக்கவும் ஆள் வேண்டும். நாளைக்கு ஃபிட்டரை அனுப்புகிறேன்.

சார்: தாத்தா கீல்?

அண்ணாச்சி: தேக்குப் பெட்டி ஏதாவது இருந்தால் அதற்குப் போடுங்கள். இன்னும் எழுபது வருஷம் வரும்.

(பில் போட்டாயிற்று. சார் படி இறங்கியவர், திரும்பி வருகிறார்.)

சார்: அண்ணாச்சி, தீப்பெட்டி இருக்கிறதா?

அண்ணாச்சி: (எழுந்தே விட்டார்) மறுபடியுமா!

சார்: இல்லை இல்லை, விளக்கேற்ற. பூஜை அறையில் இருந்த பெட்டியைத்தான் எடுத்துப் போட்டேன். ஆறு மணி ஆகிறது, அவள் தேடிக்கொண்டிருப்பாள். எங்கே போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது?

அண்ணாச்சி: ஒன்றும் சொல்லாதீர்கள் சார். கதவை ஆட்டிக் காட்டுங்கள்.