பெரிய ஏரிக்குக் கீழே இருந்த ஊர்

பெங்களூரின் மடிவாளா பகுதியில் உள்ள சோமேசுவரர் கோயிலின் புறச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேறொன்றில், தானமாகக் கொடுத்த நிலம் வெங்களூர்ப் (பெங்களூரின் பழைய பெயர்) பெரிய ஏரிக்குக் கீழே இருப்பதாகக் குறித்திருக்கிறார்கள். ஒரு நிலத்தை அடையாளம் சொல்ல அன்று ஏரி போதுமானதாக இருந்தது. பெங்களூரு வளர்ந்த கதையை நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன்.

பழைய நகரங்கள் நீருக்கு வழி செய்துகொண்டே வளர்ந்தன. மொகஞ்சதாரோவில் வீட்டுக்குள்ளேயே கிணறு வெட்டியிருந்தார்கள். கி.மு. 312இல் முதல் கால்வாயைக் கட்டிய ரோம், மக்கள் பெருகப் பெருக மேலும் பல கால்வாய்களைக் கட்டியது. எங்கள் ஊரோ கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான மேட்டில், அருகே பேராறு எதுவும் இல்லாமல் இருக்கிறது. ஆகவே ஒரு ஏரி நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த ஏரியை நிரப்பும் சங்கிலித்தொடரே இங்கே ஆறாக இருந்தது. 1537இல் கெம்பேகௌடர் கோட்டையும் பேட்டையும் அமைத்தது இந்த ஏரிகளை நம்பித்தான். 1809இல் ஆங்கிலேயப் படைக்காக உருவான தண்டுப் பகுதியும் (கண்டோன்மென்ட்), அதை ஒட்டிக் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் அல்சூர் ஏரிப் பக்கத்தில்தான் வேர்விட்டார்கள்.

1890களில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா நீர் குழாய் வழியாக நகருக்குள் வந்தது. பஞ்சத்துக்கும் நோய்க்கும் அஞ்சிய மக்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், குடிநீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியதும் அருகிலிருந்த ஏரியைக் காக்க வேண்டிய தேவை மக்கள் மனத்திலிருந்து நழுவியது. தேவையற்ற ஏரி வெற்று நிலமாகத் தெரிந்தது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. 1974இல் காவிரி நீர் வந்தது. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு இறைத்துக் கொண்டுவரும் நீர் அது. என் அம்மா பிறந்த ஊர் கும்பகோணத்துக்கு அருகில் என்பதால், குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த நீரின் விலை எனக்கு நினைவுக்கு வரும்.

அப்போதும்கூட நகரம் விரிய, நீர் ஓரளவு பின்தொடர்ந்தது. பிறகு அதுவும் பின்தங்கியது. 2007இல் 110 கிராமங்கள் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. அவற்றுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது 2024 அக்டோபரில். இடைப்பட்ட 17 ஆண்டுகளில் அங்கே மனை விற்பனையும் அடுக்குமாடிக் கட்டுமானமும் ஒரு நாளும் நிற்கவில்லை. நாங்கள் வீடு வாங்கியதும் அப்படியொரு கிராமத்தில்தான். 1,100 அடி ஆழப் போர்வெல் 2024 கோடையில் வற்றியபோது, எழுபது வயதைக் கடந்த என் மாமியார் டேங்கர் வரும் நேரத்துக்காக விடியற்காலை நான்கு மணிக்கே விழித்திருந்தார். எங்கள் தெருவின் பின்னால், ராஜகால்வாய் (மழைநீர் வரும் பெரிய கால்வாய்) அடைபட்ட ஏரி ஒன்று கழிவுநீரோடு கிடந்தது.

2011 கணக்கெடுப்பிலேயே 84 லட்சத்தைத் தாண்டிய நகரத்துக்கு ஏரிகள் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை, காவிரி வேண்டும். நான் கேட்பது வரிசையைத்தான். குழாய் இணைப்பும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பும், அருகிலுள்ள ஏரிக்குச் செல்லும் கால்வாயும் தயாரான பிறகே புதிய லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். தேவனஹள்ளிப் பக்கம் இப்போது மனை பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்கள், பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த நிலம் எந்த ஏரிக்குக் கீழே இருக்கிறது, அந்த ஏரிக்கு நீர் வரும் வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.