முழங்காலுக்குப் பட்டாணி அளவு ஜெல் போதாது

"மூட்டு வலிக்கு ஜெல் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் கேட்கல" என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டியூப் எத்தனை நாள் வந்தது? 30 கிராம் டியூப் இரண்டு மாதம் வந்திருந்தால், மூட்டுக்கு மருந்து போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம்.

வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லையே எடுத்துக்கொள்வோம். மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்கால் என்றால் ஒரு வேளைக்கு 4 கிராம், கைவிரல் மூட்டு, மணிக்கட்டு என்றால் 2 கிராம், தினம் மூன்று நான்கு வேளை. இதை எப்படி அளப்பது? ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். முழங்காலுக்கு அப்படி எட்டுக் கோடு! முட்டிச் சில்லின் மேல் மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் சுற்றிலும் பரப்ப வேண்டும். சின்ன டியூப் ஒரு முழங்காலுக்கே இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது சுமார் 6 சதவீதம்தான். வயிற்றுப்புண்ணுக்குப் பயப்படுகிற வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

அழுத்தித் தேய்க்க வேண்டாம். தடவிய பின் ஒரு மணி நேரம் கழுவக் கூடாது. கைவிரல் வலிக்குப் போடுகிறவர்கள் பாத்திரம் தேய்த்து முடித்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் மருந்து சிங்க்கோடு போய்விடும். ஜெல்லின் மேல் முட்டி உறையோ வெந்நீர் ஒத்தடமோ கூடவே கூடாது. தோல் புண்ணாகலாம், உடம்புக்குள் போகிற மருந்தும் கூடும். ஒத்தடம் முதலில், தோல் ஆறியபின் ஜெல். பலன் தெரிய ஒரு வாரம் ஆகலாம். மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டும் கேட்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே இதை நம்ப வேண்டாம்.

தைலம் வேறு. மென்தால் குளிர்ச்சியைக் காட்டி வலியை மறக்கடிக்கும், வீக்கத்தைத் தொடாது. மிளகாயிலிருந்து வரும் கேப்சைசின் களிம்பு முதல் சில நாள் எரியும். அதற்குள் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தினம் மூன்று நான்கு வேளை, இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் போட்டால்தான் நரம்பின் வலி உணர்வு மட்டுப்படும். போட்ட கையைச் சோப்பால் நன்றாகக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்.

வலி மாத்திரையும் ஜெல்லும் சேர்த்துப் போடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஆஸ்பிரினால் இளைப்பு வருகிறவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் கேட்டுத்தான் தொட வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் பல ஜெல்களில் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்டும் கலந்திருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ரத்தக்கசிவைக் கூட்டலாம். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதை எந்தக் களிம்பும் நிறுத்தாது, மூட்டு அரிக்கும் முன் மூட்டுவாத மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து, சூடாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் ஜெல்லைத் தேடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.