வெண்டி ரெனார் ஆட மாட்டேன் என்று சொன்ன நாள்

உலகக் கோப்பைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு கேப்டன் அணியை விட்டு விலகலாமா? 2023 பிப்ரவரியில் பிரான்ஸ் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன் வெண்டி ரெனார் விலகியதைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் சிலர் அதை ஓடிப்போனது என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய ஆட்ட வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது அந்த முடிவைத்தான்.

யார் அவர் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவில் பிறந்தவர். எட்டு வயதில் அப்பா இறந்துபோனார். பதின்வயதில் கடல் தாண்டி பிரான்சுக்கு வந்து, தேசியப் பயிற்சி மையமான கிளேர்ஃபோன்தேனில் தேர்வுக்குப் போனார். எடுக்கவில்லை. ஊர் திரும்பாமல் லியோன் கிளப்பில் போய் முயற்சி செய்தார், 2006ல் அங்கே சேர்ந்தார். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் லியோன் வென்ற எட்டு கோப்பைகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. உயரம் 187 செ.மீ. கார்னர் (மைதான மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்பு) கிடைத்தால் பின்வரிசையிலிருந்து அவர் நடந்து வருவதைப் பார்த்தாலே எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் எதிரணி கோல் போடாமல் தடுக்கும் டிஃபெண்டரின் பிழைப்பு கொடுமையானது. தொண்ணூறு நிமிடமும் சரியான இடத்தில் நின்றால் யாரும் உங்களைக் கவனிக்கப் போவதில்லை. ஒரு தடவை கால் தவறினால் உலகமே பார்க்கும். 2019 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். ஐந்தே நாள் கழித்து நார்வே ஆட்டம். குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார், அது சொந்த வலைக்குள் போய் விழுந்தது. பிரான்ஸ் 2-1 என்று ஜெயித்தும் மறுநாள் எல்லார் வாயிலும் அந்த ஒரு கால்தான்.

இப்படிப்பட்ட பழியையெல்லாம் சுமந்து பழகியவர்தான் 2023ல் "இனி முடியாது" என்றார். அணி நடத்தப்படும் முறை உயர்மட்ட ஆட்டத்துக்கு ஏற்றதாக இல்லை, என் மனநலத்தைக் காப்பாற்றிக்கொள்ள விலகுகிறேன் என்று வெளிப்படையாக எழுதினார். அப்போது பயிற்சியாளர் கொரின் தியாக்ர். அவரும் பிரான்சுக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய டிஃபெண்டர்தான். 2017ல் ரெனாரிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்தவரும் அவரே, 2021ல் திருப்பிக் கொடுத்தவரும் அவரே. பதவி போன காலத்தில் ரெனார் விலகவில்லை என்பதைக் கவனியுங்கள். கேப்டன் பட்டை கையில் இருக்கும்போதுதான் வேண்டாம் என்றார். சொந்தக் கோபத்துக்காக என்றால் 2017லேயே போயிருக்கலாமே!

அவர் பேசிய அன்றே அணியின் மற்ற இரண்டு ஆட்டக்காரர்கள் கத்தோத்தோ, தியானி இருவரும் விலகினார்கள். மார்ச்சில் தியாக்ர் நீக்கப்பட்டார். புதிதாக வந்தவர் எர்வே ரெனார் (பெயர் ஒன்று, உறவில்லை). வெண்டி திரும்பி வந்தார். ஒரு பத்தொன்பது வயதுப் பெண் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் அடுத்த பட்டியலில் அவள் பெயர் இருந்திருக்காது, அவ்வளவுதான். கோப்பைகள் சேர்த்துவைத்த செல்வாக்கை அவர் தன் பின்னால் நின்றவர்களுக்காகச் செலவழித்தார். பின்வரிசை ஆட்டக்காரரின் புத்தி அது.

 

2023 ஜூலை 29, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன், உலகக் கோப்பை ஆட்டம். கெண்டைக்கால் வலி, ஆடுவாரா என்பதே சந்தேகம். பிரேசிலுடன் 1-1. 83வது நிமிடம், சக ஆட்டக்காரர் செல்மா பாஷா கார்னர் எடுக்கிறார். எப்படியோ பிரேசில்காரர்கள் அரங்கிலேயே உயரமான பெண்ணை மறந்துவிட்டார்கள். தூரத்து கோல் கம்பத்துப் பக்கம் தனியாக நிற்கிறார் ரெனார். தலை, பந்து, வலை. ஓடிப்போனவர் என்று சொல்பவர்கள் அந்த நிமிடத்தை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.