தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம்

"பழைய கார் சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள், தீர்ந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை, இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடேறும், உண்மைதான். அதற்குப் புதியது போட வேண்டும். இல்லாமலே ஓட்டினால் இன்ஜின் உரிய வெப்பத்தை எட்டத் தாமதமாகும், பெட்ரோலும் தேய்மானமும் கூடும்.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு. என் இருபது வயதுக் காரில் அதன் ரப்பர் வளையம் விரல் பட்டதும் உதிர்ந்தது. அழுத்தம் நிற்காததால், சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டிய கூலன்ட் வெகு முன்பே கொதித்து வழிந்திருக்கிறது. மூடி சரியென்றால் ரேடியேட்டர் ஃபேன் சுழல்கிறதா என்று கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரையே ஊற்றிய காரென்றால் ரேடியேட்டரில் துருவும் உப்பும் அடைத்திருக்கும்.