முளைக்காத வெங்காயத்தில் கதிர்வீச்சு தங்கியிருக்கிறதா?

இந்தியாவிலிருந்து வரும் பெரிய வெங்காயம் முளைக்காமல் இருந்தால் அதில் அணுக்கதிர் தங்கியிருக்கிறது, உண்டால் புற்றுநோய் வரும் என்றொரு குரல்பதிவு மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

வெங்காயம் போன்ற உணவு முளைக்காமல் இருக்கச் செய்யப்படும் கதிர்வீச்சுப் பதனத்தில், கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளியிடும் காமா கதிர்கள் உணவினூடே கடந்து செல்கின்றன. கோபால்ட் உணவைத் தொடுவதே இல்லை. அக்கதிர்களின் ஆற்றல் உணவின் அணுக்கருக்களைக் கதிரியக்கமுள்ளவையாக மாற்றப் போதாது என்பதால், விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்காததைப் போல, வெங்காயத்திலும் எதுவும் தங்குவதில்லை. முளைப்பைத் தடுக்க 0.15 கிலோகிரேவுக்கு (கிலோகிரே என்பது உணவு ஏற்கும் கதிர் ஆற்றலை அளக்கும் அலகு) உட்பட்ட அளவே போதும். 10 கிலோகிரே வரை பதனம் செய்த உணவால் நச்சியல் தீங்கு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் பங்கேற்ற கூட்டு வல்லுநர் குழு 1980இலேயே முடிவு செய்தது. சில வைட்டமின்கள் ஓரளவு குறையலாம் என்பது உண்மைதான். ஆனால் சமைக்கும்போதும் அவை குறைகின்றன.

மேலும், முளைக்காத வெங்காயமெல்லாம் பதனம் செய்யப்பட்டதும் அன்று. அறுவடைக்குப்பின் நன்றாக உலர்த்திய வெங்காயம் இயல்பாகவே சில வாரங்கள் உறங்குநிலையில் இருக்கும். (மளிகைக் கடைக்காரரைக் குற்றவாளியாக்குமுன் இதை நினைத்துப் பார்க்கலாம்.)

மலேசியாவில் இதற்கெனவே 2011ஆம் ஆண்டின் உணவுக் கதிர்வீச்சு விதிமுறைகள், 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டுள்ளன. பதனம் செய்த உணவின் சிப்பத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது பன்னாட்டு உணவுத் தர நெறியாகும். வட்டத்துக்குள் செடி போன்ற பச்சை நிற ‘ராடுரா’ சின்னமும் சில சிப்பங்களில் காணப்படும்.